பாட்டுல குரல் மட்டும் காணாமப் போகுது: ஹெட்செட் பழுதா, ஃபோன் பழுதா?

#1 செல்வா_மதுரை
எல்லாருக்கும் வணக்கம். காதுமேல உட்கார்ற டைப் வயர் ஹெட்செட் வச்சிருக்கேன். வயர்ல மைக்கும் ஒரே ஒரு பட்டனும் இருக்கு. இவ்வளவு நாள் நல்லாத்தான் ஓடுச்சு. இப்ப திடீர்னு பாட்டுல பாடறவங்க குரல் மட்டும் போயிருது. வயலின், கோரஸ், பின்னாடி வர்ற எதிரொலி எல்லாம் கேக்குது, ஆனா கிணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி. நியூஸ் வீடியோ போட்டா வாசிக்கிறவர் வாய் அசையுது, சத்தம் இல்ல, பின்னணி மியூசிக் மட்டும் ஓடுது. ஈக்வலைசர் எல்லாம் ஆஃப் பண்ணியாச்சு, ஃபோனை ரீஸ்டார்ட்டும் பண்ணியாச்சு. கடையில காட்டினா ஃபோன் போர்டு போயிருக்கும், கழட்டிப் பாக்கணும்ங்கறாங்க. கழட்ட விடலாமா?

#2 கோவை_கார்த்தி
எதுக்குங்க இந்த வேலை? புளூடூத் ஒண்ணு வாங்கிப் போட்டுட்டுப் போங்க. வயர் காலமெல்லாம் முடிஞ்சுது.

#3 ஈயப்பற்று
கார்த்தி, அவர் கேட்டது எது பழுதுன்னு. எதை வாங்கறதுன்னு இல்ல.

செல்வா, ஃபோனைக் கழட்டக் குடுக்காதீங்க. நீங்க சொன்னதை வச்சே பாதி தெரியுது. மீதிக்கு இதைச் செஞ்சு பாருங்க. ஃபோனோட பின்கவரைக் கழட்டிட்டு ஜாக்கை முழுசா உள்ள அழுத்திச் சொருகுங்க. தடிமனான கவர் இருந்தா ஜாக் அரை மில்லிமீட்டர் வெளிய நிக்கும், அதுக்கே இந்தக் கூத்து வரும். டார்ச் அடிச்சு ஓட்டைக்குள்ள பாருங்க. சட்டைப் பையில இருக்கற பஞ்சு உள்ள அடைஞ்சு கெட்டியாகி உட்கார்ந்திருக்கும். ஃபோனை அணைச்சுட்டு மரப் பல்குச்சியால மெதுவா எடுங்க. ஊசி, சேஃப்டி பின் வேண்டாம்.

அதுக்கும் போகலன்னா, பாட்டு ஓடும்போதே வயர்ல இருக்கற பட்டனை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டே கேளுங்க. குரல் வருதா இல்லையா? கடைசியா, எம்.ஜி.ஆர்., சிவாஜி காலத்துப் பாட்டு ஏதாவது ஒண்ணு போட்டு, என்ன கேக்குதுன்னு எழுதுங்க.

#4 செல்வா_மதுரை
அண்ணே, கவரைக் கழட்டிட்டேன், ஓட்டை சுத்தமா இருக்கு. அம்மா ஃபோன்ல போட்டாலும் இதே கதைதான். அம்மாவோட இயர்ஃபோன் என் ஃபோன்ல நல்லாக் கேக்குது. பட்டனை அமுக்கினா ஒரு மாற்றமும் இல்ல, பாட்டுதான் நிக்குது. திரும்ப ஓட விட்டு அமுக்கிப் பிடிச்சாலும் குரல் வரல.

பழைய பாட்டுதான் ஆச்சரியமா இருக்கு. 60கள்ல வந்த பாட்டைப் போட்டா கிட்டத்தட்ட ஒண்ணுமே கேக்கல! குரல் மட்டும் இல்ல, முழுப் பாட்டும் காணோம். காதை வச்சு அழுத்தினா லேசா 'ஸ்ஸ்'ன்னு மட்டும் வருது.

#5 ஈயப்பற்று
அப்ப உங்க ஃபோனுக்கு ஒண்ணும் இல்ல. ஹெட்செட் ஸ்பீக்கர் ரெண்டுக்கும்கூட ஒண்ணும் இல்ல. கிரவுண்ட் வயர் அறுந்திருக்கு. ஏன்னு சொல்றேன், கொஞ்சம் நீளும்.

இடது காதுக்கு ஒரு கம்பி, வலது காதுக்கு ஒரு கம்பி, ரெண்டுக்கும் பொதுவா மின்சாரம் திரும்பிப் போக ஒரு கம்பி. அந்தப் பொதுக் கம்பிதான் கிரவுண்ட். அது அறுந்துட்டா மின்சாரம் நிக்கறதில்ல. இடது கம்பியில போய், இடது ஸ்பீக்கர் வழியா வலது ஸ்பீக்கருக்குள்ள நுழைஞ்சு, வலது கம்பியில திரும்புது. ரெண்டு ஸ்பீக்கரும் வரிசையா மாட்டிக்கிச்சு. இப்ப அதுக்குக் கிடைக்கறது இடது சிக்னலுக்கும் வலது சிக்னலுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும்தான்.

பாட்டு மிக்ஸ் பண்றவங்க பாடகர் குரலை நடு மையத்துல வைப்பாங்க. அதாவது இடதுலயும் வலதுலயும் ஒரே அளவு. ஒரே அளவுல இருந்து ஒரே அளவைக் கழிச்சா பூஜ்யம். அதனாலதான் குரல் காணோம். பாஸ் கிட்டாரும் பெரும்பாலும் நடுவுலதான் இருக்கும், அதுவும் போயிருக்கும், கவனிச்சுப் பாருங்க. ஓரமா வச்ச வயலினும் கோரஸும் குரலோட எதிரொலியும் மிச்சம்.

60கள்ல பதிவான நம்ம சினிமாப் பாட்டு மோனோ. ரெண்டு பக்கமும் ஒரே சத்தம், கழிச்சா மிச்சமே இல்ல. உங்களுக்கு முழுப் பாட்டும் போனது அதனாலதான். யூடியூப்ல சிலர் பழைய பாட்டுல செயற்கையா ஸ்டீரியோ ஏத்திப் போட்டிருப்பாங்க, அதுல கொஞ்சம் கேக்கும். ஏத்தாத பதிவுல போட்டுப் பாத்தா இதைவிட நல்ல பரிசோதனை கிடையாது. ஆப்பு, கீப்பு எதுவும் வேண்டாம்.

உங்ககிட்ட மல்டிமீட்டர், அதான் கம்பியோட மின்தடையை ஓம் கணக்குல அளக்கற மீட்டர், இருக்கா? இல்லன்னா பக்கத்துல எலக்ட்ரீசியன்கிட்ட ஒரு பத்து நிமிஷம் வாங்குங்க.

#6 யாழ்_பனைமரம்
வணக்கம் அண்ணை. எனக்கும் இதே பிரச்சினைதான். ஆனா பட்டனை அமத்திப் பிடிச்சா குரல் வடிவாக் கேக்குது, கையை எடுத்தாப் போயிடுது. அப்பாவின்ர பழைய ஃபோனோட வந்த ஹெட்செட். அந்த ஃபோன்ல போட்டா ஒரு பிரச்சினையும் இல்லை, என்ர புது ஃபோன்லதான் இப்பிடி. இதுவும் கிரவுண்ட் அறுந்ததோ? எறியிறதோ வச்சிருக்கிறதோ எண்டு சொல்லுங்கோ.

#7 ஈயப்பற்று
எறியாதீங்க தம்பி. உங்களுது பழுதே இல்ல, ஃபோனுக்கும் ஹெட்செட்டுக்கும் ஜாதகம் பொருந்தல, அவ்வளவுதான்.

மைக் வச்ச 3.5 மி.மீ. ஜாக்ல மூணு கருப்பு வளையம் இருக்கும், அதனால நாலு உலோகப் பகுதி. நுனி இடது, அடுத்தது வலது. இது எல்லாத்துக்கும் பொது. மிச்ச ரெண்டுலதான் சண்டை. சி.டி.ஐ.ஏ. முறையில மூணாவது கிரவுண்ட், அடிப்பகுதி மைக். இன்னைக்கு ஜாக் வச்சு வர்ற ஃபோன் பெரும்பாலும் இந்த முறைதான். ஓ.எம்.டி.பி. முறையில அது தலைகீழ்: மூணாவது மைக், அடிப்பகுதி கிரவுண்ட். பழைய நோக்கியா ஃபோன் பலதும் இந்த வகை.

அந்த ஹெட்செட்டைப் புது ஃபோன்ல சொருகினா ஹெட்செட்டோட கிரவுண்ட், ஃபோனோட மைக் முனையில போய் முட்டும். அந்த வழியா மின்சாரம் சரியாத் திரும்பாது, அறுந்த மாதிரியே நடந்துக்கும். பட்டனை அமுக்கினா ஹெட்செட்டுக்குள்ள மைக் கம்பியும் கிரவுண்ட் கம்பியும் ஒண்ணாச் சேரும். உடனே வழி கிடைச்சுரும், குரலும் வந்துரும். செல்வாவுக்கு அமுக்கியும் வரல, உங்களுக்கு வந்துச்சு. ரெண்டு பேருக்கும் அறிகுறி ஒண்ணு, காரணம் வேற வேற.

அந்த ரெண்டையும் இடம் மாத்தித் தர்ற சின்ன அடாப்டர் விக்குது. சி.டி.ஐ.ஏ., ஓ.எம்.டி.பி. ரெண்டு பேரையும் சொல்லிக் கேளுங்க. வெறும் 'எக்ஸ்டென்ஷன்' குடுத்துருவாங்க, அது உதவாது.

#8 யாழ்_பனைமரம்
நல்லா விளங்கிச்சுது அண்ணை. அப்பா ஆசையா வச்சிருந்த சாமான், எறியாம விட்டது நல்லதாப் போச்சு. நன்றி.

#9 நிலாமுற்றம்
இழையைத் திசைதிருப்புறேன்னு யாரும் கோச்சுக்காதீங்க. என்கிட்ட ரெண்டு கேள்வி. வயர் இல்லாத சின்ன இயர்பட்ஸ். ஒண்ணு, இடது பக்கம் சத்தம் பாதிதான் வருது. ரெண்டாவது, லேப்டாப்ல பாட்டு கேட்டா அருமையா இருக்கு, ஆனா ஆன்லைன் டியூஷன் ஆரம்பிச்ச அடுத்த நொடி எல்லாம் பழைய லேண்ட்லைன் ஃபோன் மாதிரி ஆயிடுது. பிள்ளைங்க பேசறது கரகரன்னு. கம்பெனிக்கு மெயில் போட்டேன், 'ரீசெட் செய்யவும்'னு பதில் வந்துச்சு.

#10 ரேவதி_ஒலிப்பதிவு
முதல் கேள்விக்கு நான் சொல்றேன். நான் ஒலிப்பதிவுக் கூடத்துல வேலை பாக்கறேன், நாள் முழுக்க இதுதான் பொழப்பு.

எதையும் கழுவறதுக்கு முன்னாடி, இடது பட்ஸைக் கழட்டி வலது காதுல வைங்க, வலதை இடது காதுல. வடிவம் சரியா உட்காராது, கையால பிடிச்சுக்கிட்டுக் கேளுங்க. கம்மிச் சத்தம் பட்ஸோட சேர்ந்து இடம் மாறுச்சுன்னா பட்ஸ்ல கோளாறு. எந்த பட்ஸ் வச்சாலும் இடது காதுலயே கம்மியா இருந்தா கோளாறு காதுல. ஃபோன்ல அக்சஸிபிலிட்டி பகுதியில இடது வலது பேலன்ஸ் கோடு ஒண்ணு இருக்கும், அது நடுவுல இருக்கான்னும் பாருங்க. கை பட்டு நகர்ந்திருக்கும், யாருக்கும் தெரியாது.

பட்ஸ்தான்னா பத்துக்கு ஒன்பது தடவை காதுக்குறும்பிதான். ரப்பர் முனையைக் கழட்டிட்டு உள்ள இருக்கற வலையை வெளிச்சத்துல பாருங்க, மஞ்சளா மெழுகு மாதிரி அடைச்சிருக்கும். வலை தரையைப் பாக்கற மாதிரி பிடிச்சுக்கிட்டு, காய்ஞ்ச மென்மையான பிரஷ்ஷால கீழ்நோக்கித் தேய்ங்க, அப்பத்தான் துகள் வெளிய விழும். மேல்நோக்கி வச்சுத் தேச்சா மொத்தமும் ஸ்பீக்கர் மேல போய் உட்காரும். ஸ்பிரிட்டை நேரா ஊத்தறதும் அப்படித்தான், குறும்பி கரைஞ்சு உள்ள இறங்கிரும்.

#11 செவித்திறன்
ரேவதி மேடம் சொன்னதுல ஒரு வரியை நான் அடிக்கோடு போடறேன், செவித்திறன் பரிசோதனைதான் என் தொழில். பட்ஸை மாத்திப் போட்டும் அதே காதுல கேட்கலன்னா யூடியூப் பாத்துக்கிட்டு இருக்காதீங்க. பெரும்பாலும் குறும்பி அடைப்பா இருக்கும், காது மூக்கு தொண்டை டாக்டர் சில நிமிஷத்துல எடுத்து விட்டுருவார். ஆனா காலையில எழுந்தப்ப திடீர்னு ஒரு காது மந்தமாகி, கூட இரைச்சலோ தலைசுத்தலோ இருந்தா அது நரம்பு சம்பந்தப்பட்ட திடீர்ச் செவித்திறன் இழப்பாவும் இருக்கலாம். அது அவசரம். முதல் சில நாளுக்குள்ள மருந்து ஆரம்பிச்சாத்தான் திரும்ப வர்ற வாய்ப்பு அதிகம். ஹெட்ஃபோன் பழுதுன்னு நினைச்சு ரெண்டு மூணு வாரம் ஓட்டிட்டு வர்றவங்களைப் பாத்தா எனக்கு ஆற மாட்டேங்குது.

இன்னொண்ணு, சத்தம் பத்தலன்னு வால்யூமை ஏத்திக்கிட்டே போறவங்களுக்கு. பெரியவங்களுக்கு 80 டெசிபல்ல வாரத்துக்கு 40 மணி நேரம்னு உலக சுகாதார நிறுவனம் வரம்பு சொல்லியிருக்கு, குழந்தைகளுக்கு 75 டெசிபல். மூணு டெசிபல் ஏறினா நேரம் பாதியாக் குறையணும். 83-க்கு வாரம் 20 மணி நேரம்தான்.

#12 நிலாமுற்றம்
மாத்திப் போட்டுப் பாத்தேன், பட்ஸ்லதான் கோளாறு. வலையைப் பாத்தா... வேண்டாம், சொல்ல வெக்கமா இருக்கு 😅 பிரஷ் போட்டதும் சத்தம் வந்துருச்சு. லேண்ட்லைன் கதைக்கு யாராவது?

#13 கோவை_கார்த்தி
அதுக்கு நான் சொல்றனுங்க, ஆஃபீஸ்ல தினமும் நடக்கறதுதான். புளூடூத்ல பாட்டுக்கு ஒரு வழி, பேச்சுக்கு ஒரு வழி. பாட்டு வழியில ஸ்டீரியோ, நல்ல தரம், ஆனா மைக் கிடையாது. பட்ஸோட மைக்கை ஜூமோ டீம்ஸோ தொட்ட உடனே லேப்டாப் பேச்சு வழிக்கு மாறிரும். அதுல மோனோதான். பழைய முறையில ஒலியை நொடிக்கு 8,000 தடவைதான் அளந்து அனுப்பும், கொஞ்சம் புதுசுல 16,000 தடவை. பாட்டுக்கு 44,100 இல்ல 48,000. லேண்ட்லைன் மாதிரின்னு நீங்க சொன்னது கணக்குப்படியே சரிதானுங்க.

மருந்து சுலபம். மீட்டிங் செட்டிங்ல ஸ்பீக்கருக்கு பட்ஸ், மைக்குக்கு லேப்டாப்போட மைக். அவ்வளவுதான். விண்டோஸ் 10-ல ஒரே பட்ஸ் ரெண்டு பேர்ல தெரியும், 'ஸ்டீரியோ'ன்னு இருக்கறதை எடுங்க, 'ஹேண்ட்ஸ்ஃப்ரீ'யைத் தொடாதீங்க. விண்டோஸ் 11-ல ஒரே பேர்தான், அங்க மைக்கை மாத்தினாலே போதும். எல்.இ. ஆடியோங்கற புது முறை வந்திருக்கு, அதுல இந்தத் தொல்லை குறையும், ஆனா லேப்டாப்பும் பட்ஸும் ரெண்டுமே அதுக்குத் தோதா இருக்கணும்.

ஆண்ட்ராய்டுல புளூடூத் சத்தமே ரொம்பக் கம்மின்னா டெவலப்பர் ஆப்ஷன்ஸ்ல 'டிசேபிள் அப்சல்யூட் வால்யூம்'னு ஒண்ணு இருக்கு, அதைப் போட்டுப் பாருங்க. திடீர்னு சத்தம் ஏறும், பட்ஸைக் கழட்டி வச்சுட்டுப் பண்ணுங்க.

#14 ரேவதி_ஒலிப்பதிவு
பரவாயில்லையே கார்த்தி, வயர் காலம் முடிஞ்சுதுன்னு சொன்னவர் புளூடூத்தோட குறையை இவ்வளவு தெளிவாச் சொல்லிட்டார் 🙂

#15 கோவை_கார்த்தி
நானும் ஒண்ணு கேக்கறனுங்க மேடம். புதுசா ஹெட்ஃபோன் வாங்கினா எப்படிச் சோதிக்கறது? யூடியூப்ல '8டி ஆடியோ டெஸ்ட்'னு வருதே, அது போதுமா? நூறு மணி நேரம் ஓட விட்டு 'பர்ன் இன்' பண்ணணும்னு வேற சொல்றாங்க.

#16 ரேவதி_ஒலிப்பதிவு
8டி வீடியோ சத்தத்தைத் தலையைச் சுத்திச் சுத்த விடற தந்திரம். ஐநூறு ரூபாய் ஹெட்ஃபோன்லயும் சுத்தும், ஐம்பதாயிரத்துலயும் சுத்தும். அதை வச்சு எதையும் முடிவு பண்ண முடியாது.

நான் செய்யறது இதுதான். நல்லாத் தெரிஞ்ச, குரல் முன்னாடி நிக்கற பாட்டு ஒண்ணு. கண்ணை மூடிக் கேட்டா குரல் மூக்குத்தண்டுக்கு நேரா, நடுவுல நிக்கணும். ஒரு பக்கமா சாஞ்சா ரெண்டு ஸ்பீக்கரோட அளவு ஒத்துப்போகல. நடுவுலயும் இல்லாம, ஓரத்துலயும் இல்லாம, தலைக்குள்ள எங்கயோ பரவி, பாஸும், அதான் கீழ்ச்சுருதிச் சத்தம், சப்பையா இருந்தா ஒரு ஸ்பீக்கரோட கம்பி தலைகீழா இணைஞ்சிருக்கு. ஒண்ணு முன்னுக்குத் தள்ளும்போது இன்னொண்ணு பின்னுக்கு இழுக்கும். கடையில கைவச்ச ஹெட்ஃபோன்ல இது அடிக்கடி நடக்கும், யாரும் கண்டுபிடிக்க மாட்டாங்க.

அடுத்தது ஸ்வீப். 20 ஹெர்ட்ஸ்ல ஆரம்பிச்சு 20,000 வரைக்கும் ஏறற ஒரே ஸ்வரம். வால்யூமை நல்லாக் குறைச்சு வச்சு ஆரம்பிங்க, மூவாயிரம் நாலாயிரம் ஹெர்ட்ஸ்ல காது ரொம்பக் கூர்மை, அங்க அறையும். ஏறும்போது ஏதாவது ஒரு இடத்துல மட்டும் 'கிர்ர்'னு அதிர்ந்தா உள்ள ஏதோ தளர்ந்திருக்கு. பெரிய ஹெட்ஃபோன்ல பாதி நேரம் அது தலைமுடி. ஒரு முடி வலை வழியா நுழைஞ்சு டயஃப்ரம் (அதிர்ந்து சத்தம் தர்ற சவ்வு) மேல படுத்திருக்கும், பாஸ் வரும்போதெல்லாம் கரகரக்கும். பஞ்சைக் கழட்டி முடியை எடுத்தா சரியாப் போச்சு. புதுசு வாங்கக் கிளம்பின எத்தனையோ பேரை இதைச் செஞ்சு திருப்பி அனுப்பியிருக்கேன்.

மேல 15,000, 16,000-க்குப் பிறகு ஒண்ணும் கேக்கலன்னா ஹெட்ஃபோனைத் திட்டாதீங்க. வயசு ஏற ஏற மேல் சுருதி கேக்காது, இயற்கை. போதாததுக்கு, ஆன்லைன் வீடியோல ஒலியைச் சுருக்கும்போதே அந்தப் பகுதியை வெட்டி எறிஞ்சிருக்கலாம். ஸ்வீப்பைச் சுருக்காத வேவ் கோப்பா இறக்கிக்கோங்க.

பாஸ் இல்லன்னு புகார் சொல்றவங்க முக்கால்வாசிப் பேருக்கு ரப்பர் முனை அளவு சரியில்ல. பாட்டு ஓடும்போது பட்ஸை மெதுவா உள்ள அழுத்துங்க, பாஸ் பொங்கி வந்தா முனையை மாத்துங்க. காதுக்குள்ள சொருகும்போது 'டிக்'னு ஒரு சத்தம் வந்தா பயப்படாதீங்க, காத்து அழுத்தத்துல டயஃப்ரம் வளையற சத்தம் அது.

பர்ன் இன்? நூறு மணி நேரத்துல மாறறது பெரும்பாலும் உங்க காதோட பழக்கம். காதுப்பஞ்சு அமுங்கினா சத்தம் கொஞ்சம் மாறும், அது உண்மை. மத்தபடி, திருப்பிக் குடுக்கற தேதி முடியற வரைக்கும் உங்களைக் காத்திருக்க வைக்க அதைவிட நல்ல யோசனை கிடையாது.

#17 செல்வா_மதுரை
அண்ணே, மீட்டர் கிடைச்சுது. ஓம்ல வச்சேன். எங்க எங்க தொடணும்?

#18 ஈயப்பற்று
200 ஓம் அளவுல வைங்க. ஒரு முனையை மூணாவது பகுதியில, அதான் கிரவுண்ட், இன்னொண்ணை நுனியில. அப்புறம் நுனிக்குப் பதிலா ரெண்டாவது பகுதி. கடைசியா நுனிக்கும் ரெண்டாவதுக்கும். உங்க ஹெட்செட் 32 ஓம்னா முதல் ரெண்டுக்கும் 30 பக்கம் காட்டணும், கடைசிக்கு அதுல ரெண்டு மடங்கு. தொடும்போது காதுல 'கரக்'னு கேக்கும், ஸ்பீக்கருக்கு உயிர் இருக்குன்னு அர்த்தம்.

#19 செல்வா_மதுரை
முதல் ரெண்டுக்கும் ஒண்ணும் காட்டல, '1'ன்னு ஓரமா நிக்குது. நுனிக்கும் ரெண்டாவதுக்கும் 67. ஜாக் பக்கத்துல வயரை வளைச்சா திடீர்னு 33 வந்து வந்து போகுது!

#20 ஈயப்பற்று
பாத்தீங்களா, போர்டைக் கழட்டச் சொன்னாங்க. ரெண்டு ஸ்பீக்கரும் வரிசையா 67, பொதுக் கம்பி அறுந்திருக்கு, அறுந்த இடம் ஜாக்கோட கழுத்து. நூத்துக்குத் தொண்ணூறு அங்கதான் போகும், அடுத்தது வயர் ரெண்டாப் பிரியற இடம்.

ஜாக்ல இருந்து மூணு சென்டிமீட்டர் தள்ளி வெட்டிருங்க. டவுன்ஹால் ரோடு பக்கம் எலக்ட்ரானிக்ஸ் கடையில கழட்டி மாட்டற 3.5 மி.மீ. ஜாக் கேளுங்க, மைக்கும் வேணும்னா நாலு முனை உள்ளது. மூடியையும் ஹீட் ஷ்ரிங்க் குழாயையும் (சூடு பட்டா சுருங்கி இறுக்கிக்கற பிளாஸ்டிக் குழாய்) முதல்லயே வயர்ல கோத்துருங்க. உள்ள இருக்கற கம்பி மேல கலர் பெயின்ட் மாதிரி தெரியறது எனாமல், இன்சுலேஷன். கத்தியால சுரண்டினா முடி மாதிரி இழை அறுந்துரும். சால்டரிங் அயர்ன் முனையில ஈயத்தை உருண்டையா வச்சு, ஃப்ளக்ஸ் (ஈயம் ஒட்டறதுக்குத் தடவற பசை) தொட்டு, கம்பி நுனியை அதுல கொஞ்ச நேரம் முக்கி வைங்க. எனாமல் எரிஞ்சு ஈயம் ஏறும். புகையை மூச்சுல இழுக்காதீங்க, ஜன்னலைத் திறந்து வைங்க.

வழக்கமா சிவப்பு வலது, பச்சையோ நீலமோ இடது, வெறும் செம்பு நிறம் கிரவுண்ட். ஆனா கலரை நம்பாதீங்க, மீட்டரை நம்புங்க. 33 காட்டற ஜோடிகளைக் கண்டுபிடிங்க, ரெண்டு ஜோடியிலயும் பொதுவா வர்ற கம்பிதான் கிரவுண்ட். பத்த வைக்கும்போது ஜாக்கை ஒரு பழைய ஃபீமேல் சாக்கெட்ல (ஜாக் உள்ள போற ஓட்டை உள்ளது) சொருகிக்கோங்க, இல்லன்னா சூட்டுல உள்ள பிளாஸ்டிக் இளகி முனை சாஞ்சுரும்.

#21 செல்வா_மதுரை
பக்கத்துத் தெரு டிவி மெக்கானிக் அண்ணன் கடையில உட்கார்ந்து முடிச்சாச்சு. இப்ப 33, 33, 67. குரல் வந்துருச்சு, 60கள் பாட்டும் ரெண்டு காதுலயும் நடுவுல நிக்குது. மூணு முனை ஜாக்தான் கிடைச்சுது, அதனால மைக் இல்ல. ஒரு சந்தேகம்ணே, மைக் கம்பியைச் சும்மா விட்டுட்டேன், அது எங்கயாவது பட்டா ஏதும் ஆகுமா?

#22 ஈயப்பற்று
இடது, வலது எதுலயும் படக் கூடாது, பட்டா அந்தப் பக்கச் சத்தம் கெடலாம். நுனியைத் தனியா ஒரு சின்ன ஷ்ரிங்க் குழாயில மூடிருங்க. கழுத்துல இன்னொரு நீளமான குழாயும் ஏத்திக்கோங்க, அங்கதான் மறுபடி மடங்கும். நாலு முனை ஜாக் கிடைக்கும்போது மாத்திக்கலாம், மைக் கம்பி அடிப்பகுதிக்குப் போகணும்.

#23 கோவை_கார்த்தி
ஈயப்பற்று அண்ணா, அலமாரியில ஒரு பக்கம் கேக்காத ஹெட்செட் ஒண்ணு கிடக்குதுங்க. மீட்டர்ல நுனிக்கும் மூணாவதுக்கும் 18, ரெண்டாவதுக்கும் மூணாவதுக்கும் ஒண்ணும் காட்டல. வலது கம்பிதானே?

#24 ஈயப்பற்று
வலதுதான். வயரை வளைச்சுக்கிட்டே மீட்டரைப் பாருங்க. எங்கயும் துடிக்கலன்னா ஸ்பீக்கர் மூடியைக் கழட்டி, உள்ள இருக்கற காயில் (கம்பிச்சுருள்) முனையில நேரா வச்சு அளங்க. அங்கயும் ஒண்ணும் காட்டலன்னா காயில் எரிஞ்சிருக்கு, அதை விட்டுருங்க. 18 காட்டினா வெட்டி ஒட்டலாம்.